தலைநகரில் சில புகைப்படங்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் செல்வதற்குத் தில்லிவாழ் தமிழரிடம் நெடுங்காலமாக ஒரு பாதை உண்டு. முதல் நாள் குதுப்மினாரும் பிர்லா மந்திரும். இரண்டாம் நாள் செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும். மாலையில் இந்தியா கேட். மூன்றாம் நாள் ஆக்ரா. இந்தியா கேட்டில் கழுத்தில் காமிராவும் கையில் மாதிரிப் படங்களுமாக வந்து சூழ்ந்துகொள்ளும் போட்டோக்காரர்களை அறியாதவர் நம்மில் இல்லை. சில நிமிடங்களில் படத்தை அச்சிட்டுக் கையில் தந்துவிடுவார்கள். அப்படம் ஊருக்குப் போய்க் கண்ணாடிச் சட்டத்துக்குள் அமர்ந்து, இன்னார் தில்லி பார்த்தவர் என்று சாட்சி சொல்லும். இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு காமிரா வந்துவிட்டபடியால் அவர்கள் தொழில் மெலிந்துவிட்டது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கு ஒன்றுசேர்ந்து வேறொரு பாதையில் நகரைச் சுற்றி வந்தோம். கல்லூரியில் படிக்கும் நம் பெண் ஒருத்திக்கு, ‘புகைப்படத்தால் உலகத்தை மாற்ற முடியுமா?’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அமர்ந்து வாதாடுவதைக் காட்டிலும், தில்லியில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படங்கள் சிலவற்றின் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட இடங்களிலேயே நின்று பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தோம். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரும் உடன் வந்தார்.

காஷ்மீரி கேட்டிலிருந்து தொடங்கினோம். மெட்ரோவிலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் பெருகிவரும் ஜனக்கூட்டத்துக்கு அருகிலேயே, இரட்டை வளைவுகளோடு அவ்வாயில் நிற்கிறது. 1857 செப்டம்பர் 14-ஆம் நாள் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்து அதன் கதவைத் தகர்த்து நகருக்குள் புகுந்தனர். குண்டு பட்ட வடுக்கள் சுவரில் இன்றும் உள்ளன. மறு ஆண்டு ஃபெலிசே பியாட்டோ என்பவர் அந்நாளைய பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து இவ்வாயிலைப் படம் பிடித்தார். போரைக் காட்டும் புகைப்படங்களுள் மிகப் பழையவற்றில் இவருடையவையும் சேரும். வெற்றி பெற்றவர்களின் நாட்டு மக்கள் பார்த்துப் பெருமைப்படுவதற்காக எடுக்கப்பட்டவை அவை.

பியாட்டோவைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. லக்னோ நகரத்துச் சிக்கந்தர் பாகில் 1857 நவம்பரில் ஏறத்தாழ 2,000 இந்திய வீரர்கள் மாண்டனர். பியாட்டோ அங்கே போய்ச் சேர்ந்தது அடுத்த ஆண்டில். ஆயினும் அவருடைய படத்தில் முற்றமெங்கும் எலும்புகள் இறைந்து கிடக்கின்றன. படத்துக்காகவே அவை தோண்டி எடுத்துப் பரப்பப்பட்டன என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுகின்றனர். புகைப்படம் பொய் சொல்லாது என்று நம் பாட்டனார் காலத்தில் சொல்வதுண்டு. பொய் சொல்லும், அதுவும் தொடக்க நாட்களிலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

வாயிலிலிருந்து சற்று மேற்கே மோரி கேட். அங்கேதான் 1940-களில் குல்வந்த் ராய் என்ற பஞ்சாபியர் பத்திரிகைகளுக்குப் படம் தரும் நிலையம் நடத்திவந்தார். காந்தியடிகளோடு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து படம் பிடித்தவர். 1958-இல் உலகம் சுற்றப் புறப்பட்டு, மூன்றாண்டுகள் பல நாடுகளில் படம் எடுத்து, அவற்றைத் தபாலில் தில்லிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பொட்டலமும் வந்து சேரவில்லை. தபால் நிலையங்களிலும் குப்பை மேடுகளிலுங்கூடத் தேடி அலைந்தார் என்பர். எஞ்சிய படங்களைப் பெட்டிகளில் வைத்துவிட்டு 1984-இல் அவர் மறைந்தார். அவரைச் சிறுவயதிலிருந்தே அறிந்த ஆதித்ய ஆர்யா என்ற புகைப்படக் கலைஞரிடம் அப்பெட்டிகள் வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் திறவாமலே கிடந்தன. திறந்தபோது உறைகளுக்குள் நேருவும் ஜின்னாவும் பட்டேலும் இருந்தனர். ஆர்யா 2019-இல் குருகிராமத்தில் புகைப்படக் காட்சியகம் ஒன்றைத் திறந்தார். குழந்தைகளோடு ஒரு நாள் போய்வரத்தக்க இடம்.

அங்கிருந்து செங்கோட்டைக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம். திவானி காஸ் மண்டபத்தருகே நின்று, நாங்கள் கொண்டுபோயிருந்த இரண்டாவது படத்தை எடுத்தோம். நார்க்கட்டில் ஒன்றில் நலிந்த முதியவர் ஒருவர் சாய்ந்திருக்கிறார், பக்கத்தில் ஹூக்கா. கண்கள் எதையும் பார்ப்பதாகத் தோன்றவில்லை. அவர்தாம் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர். தம் முன்னோர் கொலுவீற்றிருந்த இம்மண்டபத்திலேயே 1858 ஜனவரி முதல் மார்ச் வரை குற்றவாளியாக விசாரிக்கப்பட்டார். தீர்ப்புக்குப் பிறகு, அவர் காவலில் இருந்தபோது எடுத்த படம் இது. முகலாய அரசர் எவரையும் காட்டும் ஒரே புகைப்படம் இதுவே என்பர். அவ்வாண்டு அக்டோபரில் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு 1862 நவம்பர் 7-இல் அங்கேயே மாண்டார். புதைத்த இடமும் அடையாளம் தெரியாமல் மறைக்கப்பட்டு, 1991-இல்தான் கண்டறியப்பட்டது. ரங்கூனில் கடை வைத்தும் கணக்கெழுதியும் வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்நகரத்துத் தெருக்களில் நடந்த நம்மவர் எத்தனை பேர் அவ்விடத்தை அறியாமலே கடந்து சென்றிருப்பார்களோ!

ஒரு பேரரசு முடிந்தது என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று எடுத்த படம். இன்று அதைப் பார்ப்பவர் எவருக்கும் வென்றவன்மீது மதிப்பு உண்டாவதில்லை. கட்டிலில் கிடக்கும் கிழவர்மீது இரக்கமே உண்டாகிறது. எடுத்தவரின் எண்ணத்தைப் படம் என்றென்றும் சுமந்துகொண்டிருப்பதில்லை போலும்.

வெளியே வந்து லாகூர் வாயிலை அண்ணாந்து பார்த்தோம். சுதந்திரக் கொடியைப் பண்டித நேரு இங்கே முதன்முதலில் ஏற்றியது 1947 ஆகஸ்ட் 15 அன்று என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் 16-ஆம் நாள். அன்று கூட்டத்தினிடையே புடைவை உடுத்திய ஒரு பெண்மணி கனத்த காமிராவோடு நின்றிருந்தார். அவர் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913-இல் குஜராத்தின் நவ்ஸாரியில் பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரிலேயே பம்பாய்ப் பத்திரிகையில் வெளியாயின. 1942-இல் தில்லிக்கு வந்து, 1970 வரை இந்நகரத்தில் நடந்த பெரிய காரியங்கள் அனைத்தையும் படம் பிடித்தார்; பணிக்குச் சைக்கிளில் போய்வந்த காலமும் உண்டு. 1947 ஜூனில் தேசப்பிரிவினைத் திட்டத்துக்குக் காங்கிரஸ் கமிட்டியினர் கைதூக்கி வாக்களிக்கும் காட்சி அவருடைய படங்களுள் ஒன்று. வரிசை வரிசையாக உயர்ந்த கைகள். கைதூக்கியவர்களில் எவருக்காவது அடுத்த மூன்று மாதங்களில் நடக்கப்போவது தெரிந்திருக்குமா என்று அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணத் தோன்றுகிறது.

நடந்தது என்ன என்பதைக் காணப் புராணா கிலாவுக்குப் போனோம். இப்போது அங்கே புல்வெளியில் வெயில் காய்பவர்களும் சோற்று மூட்டையை அவிழ்ப்பவர்களுமே மிகுதி. நாங்களும் புளியோதரையை அங்கேதான் உண்டோம். 1947 செப்டம்பரில் தில்லியில் கலவரம் மூண்டபோது, வீடிழந்த முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் இக்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தனர். அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகைக்காக வந்திருந்த மார்கரெட் பர்க்-ஒயிட் எடுத்த ஒரு படம் பிரிவினையைப் பற்றிய நூல்களில் இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. இடிந்த மதிலின்மீது ஒரு சிறுவன் தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கீழே கூடாரங்களும் ஜனங்களுமாக விரிந்து கிடக்கிறது முகாம். எத்தனையோ லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள் என்று எழுதினால் கண் அதைக் கடந்து போய்விடும். அச்சிறுவனைக் கடந்து போக முடியவில்லை.

அதே மாதங்களில் எதிர்த்திசையிலிருந்தும் மக்கள் வந்துகொண்டிருந்தனர். ராஜேந்திர நகரிலும் பட்டேல் நகரிலும் லாஜ்பத் நகரிலும் நம்மவர் பலர் முதன்முதல் வாடகைக்கு இருந்த வீடுகள், அவ்வாறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பஞ்சாபியர் கட்டியவை. மாதம் பிறந்ததும் வாடகைக்குக் கண்டிப்பாக வந்து நிற்கும் அந்த வீட்டுக்காரரின் மனத்திலும் இப்படி ஒரு மதில் இருந்திருக்கும்.

“அந்தப் பையன் பெயர் என்ன?” என்று எங்களுடன் வந்த குழந்தை ஒன்று கேட்டது. படத்தின் கீழே பெயர் இல்லை என்றோம். அப்போது பெரியவர் மெதுவாக, “தாது வருஷத்துப் படங்களிலும் பெயர் இல்லை” என்றார்.

அதைக் கேட்டவுடன் தில்லியை மறந்து தமிழ்நாட்டுக்குப் போய்விட்டோம். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்தது. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டனர் என்று மதிப்பிடுவர். நம் முன்னோர் எத்தனையோ பேர் அக்காலத்தில்தான் கால்நடையாக ஊரைவிட்டுக் கிளம்பி இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். சென்னைக் குதிரைப்படை அதிகாரியாயிருந்த ஹூப்பர் என்பவர் பஞ்சத்தில் நலிந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தார். விலா எலும்பை எண்ணலாம். குழந்தையைத் தாங்கும் கை குச்சியாக இருக்கிறது. அப்படங்கள் கடல் கடந்து சென்று, அவற்றைப் பார்த்து வரைந்த சித்திரங்களும் அச்சேறின. அச்சமயம் சென்னையில் பத்திரிகாசிரியராகவும் பஞ்ச நிவாரண நிதியின் காரியதரிசியாகவும் இருந்த வில்லியம் டிக்பி, அரசாங்கம் செய்ததையும் செய்யத் தவறியதையும் இரண்டு பெரிய புத்தகங்களாக 1878-இல் எழுதினார். பஞ்சம் என்பது கணக்கேட்டில் உள்ள ஓர் எண் அன்று, எலும்பும் தோலுமான மனிதர் என்று இங்கிலாந்துக்குக் காட்டியதில் ஹூப்பரின் காமிராவுக்குப் பங்குண்டு.

ஆனால் படம் எடுத்து முடித்ததும் அவர்களுக்கு உணவு கொடாமல் அனுப்பிவிட்டார் என்ற கண்டனமும் அவர்மீது எழுந்தது. பிறகு அதே ஹூப்பர் பர்மாவில், சுட்டுக்கொல்ல நிறுத்தியவர்களைக் குண்டு பாயும் வேளையில் படம் பிடிக்க முயன்றார் என்று விசாரணைக்கே உள்ளானார். எனவே இவரைப் பாராட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆயினும் அப்படங்கள் இல்லாதிருந்தால் அந்தத் தாய்மாரின் முகத்தை நாம் எங்கே பார்ப்பது? அவர்களுள் ஒருத்தி நம்மில் யாருக்கேனும் பாட்டியின் பாட்டியாக இருக்கக்கூடும். பெயர் இல்லாததால் அறிய வழியில்லை. இதைப் படிக்கும் குடும்பத்தார் தங்கள் பெட்டியில் உள்ள பழைய படங்களின் பின்புறத்தில், இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பேனா மை வேண்டா, முன்பக்கம் ஊறிவிடும்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தீஸ் ஜனவரி மார்க் போய்ச் சேர்ந்தோம். பிர்லா மாளிகையாயிருந்து, இப்போது காந்தி ஸ்மிருதி எனப்படும் இடம். திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை, கட்டணம் கிடையாது. காந்தியடிகள் 1948 ஜனவரி 30 மாலை பிரார்த்தனைக்கு நடந்து சென்ற கடைசி அடிகளைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். குழந்தைகள் தம் காலை அதனருகே வைத்துப் பார்த்தன.

அவர் சுடப்பட்ட கணத்துக்குப் புகைப்படம் இல்லை. ஹோமாய் வியாரவாலா அன்று இங்கே வரப் புறப்பட்டவர்தாம். மறுநாள் இருவருமாகப் போகலாம் என்று கணவர் சொல்லவே திரும்பிவிட்டார். அந்த வருத்தம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு அகலவில்லை. பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் அன்று பகலில்தான் காந்தியடிகளைச் சந்தித்துத் தம் படங்கள் அடங்கிய புத்தகத்தைக் காட்டியிருந்தார். காந்தியடிகள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, சவ வண்டி ஒன்றைக் காட்டும் படத்தில் நிறுத்தி, மரணம் என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்று பிரெசோன் பின்னர் கூறினார். விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் செய்தி எட்டவே ஓடிவந்தார். இருட்டிவிட்ட வேளையில், வாயிலருகே உயர்ந்த இடத்தில் நின்று, காந்தி மறைந்தார் என்று நேரு ஜனங்களுக்குச் சொல்லும் காட்சியைப் பிடித்தார். வெளிச்சம் போதாத படம். உருவங்கள் தெளிவாக இல்லை. அந்த மாலைக்கு அதைவிடத் தெளிவான படம் பொருந்தியிருக்குமா என்பது ஐயமே.

அதே வீட்டில் அதே நாளில் மார்கரெட் பர்க்-ஒயிட்டும் இருந்தார். காந்தியடிகளை இராட்டினத்தோடு காட்டும் உலகப் புகழ் பெற்ற படம் அவர் 1946-இல் பூனாவில் எடுத்தது. முதலில் நூற்கக் கற்றுக்கொள், பிறகு படம் எடுக்கலாம் என்று ஆசிரமத்தார் சொல்லிவிட்டார்களாம். நல்ல நிபந்தனை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரிலும் தேநீர்க்கடையிலும் தொங்கிய காந்தி படங்களின் வழியாகத்தானே அவரைக் காணாத கோடிக்கணக்கானோர் அவரைக் கண்டனர்? இதில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிப் பலர் பல நாடுகளில் எடுத்திருந்த சலனப்படத் துண்டுகளை உலகமெல்லாம் அலைந்து 50,000 அடி அளவுக்குத் திரட்டி, 1940-இல் தமிழில் ஒரு முழுப் படமாக வெளியிட்டார். வெள்ளையர் ஆட்சி நடந்துகொண்டிருந்த ஆண்டு அது.

மாலையில் நிஜாமுதீன் பாலத்துக்கு வந்தோம். இதைப் பார்க்க வேண்டிய இடம் என்று வழிகாட்டி நூல் எதுவும் சொல்லாது. மயூர் விஹாரில் வசிக்கும் நம்மவர் நாள்தோறும் இருமுறை யமுனையைக் கடப்பது இதன் மேல்தான். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு நடப்பில் இருந்தபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் சாரிசாரியாக இப்பாலத்தின்மேல் நடந்தனர். மே மாதத்தில் ஒரு நாள் பி.டி.ஐ. நிறுவனத்தின் அதுல் யாதவ் இவ்வழியே வந்தபோது, சாலையோரத்தில் உட்கார்ந்து ஒருவர் செல்பேசியில் கதறி அழுவதைக் கண்டார். படம் எடுத்துவிட்டு, எங்கே போகவேண்டும் என்று கேட்டார். அங்கே, என்று அவர் ஆற்றுக்கு அப்பால் கையைக் காட்டினார். அந்த ‘அங்கே’ 1,200 கிலோமீட்டர் தொலைவில் பீகாரில் இருந்தது. ஒரு வயதும் நிரம்பாத மகன் நோயாய்க் கிடந்து இறந்துபோனான். யாதவ் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, போலீசாரிடம் அவருக்காகப் பேசிவிட்டுச் சென்றார். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது.

மறுநாள் அப்படம் நாடெங்கும் வெளியாயிற்று. பத்திரிகைகள் அவர் யாரென்று தேடிக் கண்டுபிடித்தன. பிறர் உதவியால் ரயிலில் இடம் கிடைத்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். மகனை உயிரோடு காணும் பேறு இல்லை. அம்மாதம் 26-ஆம் நாள், தொழிலாளர் படும் துன்பத்தைச் செய்தித்தாள்களும் பிற ஊடகங்களும் காட்டிவருவதைக் குறிப்பிட்டு, உச்ச நீதிமன்றம் எவரும் மனுச் செய்யாமலே வழக்கை எடுத்துக்கொண்டது. 28-ஆம் நாள், ஊர் திரும்பும் தொழிலாளரிடம் ரயில் கட்டணமோ பஸ் கட்டணமோ வாங்கலாகாது என்று உத்தரவிட்டது. ஒரு படத்தால் ஆயிற்று என்று சொல்வதற்கில்லை. நூற்றுக்கணக்கான படங்கள் அந்த இரண்டு மாதங்களில் வந்தன. அதற்குள் லட்சக்கணக்கானோர் நடந்தே போய்விட்டனர் என்பதும் உண்மை.

மாணவி தன் குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாய் என்று நாங்கள் கேட்கவில்லை, கட்டுரை அவளுடையது. பாலத்தில் அந்த இடம் எது என்று காட்ட அடையாளம் ஏதும் இல்லை. வண்டிகளின் இரைச்சலில் பேசுவதும் கடினமாயிருந்தது. கட்டட வேலை முடிந்து கரண்டியும் சாப்பாட்டுத் தூக்குமாக நால்வர் நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று அவள் இந்தியில் கேட்டாள். ஒருவர் தர்பங்கா என்றார். மற்ற மூவரும் சீதாமடி. பெயர்களையும் சொன்னார்கள். உங்களுக்கு எந்த ஊர் என்று பெரியவரைத் திருப்பிக் கேட்டார்கள். தஞ்சாவூர் என்றார். அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ரயிலில் இரண்டு நாள் என்று பெரியவர் சொல்ல, அப்படியானால் எங்களைவிடத் தூரம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் யமுனைக்கு அப்பால் நடந்தார்கள்.